என் கடிதாசிகளைப் பிரித்தவர்

ஐந்து மாதம் என் கடிதாசிகளை எனக்கு முந்தியே இன்னொருத்தர் பிரித்துப் படித்தார். அந்த மனுஷரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். திட்டுவதற்கு என்று நினைத்தால் பாதி சரி. மாலை போடுவதற்கு என்று நினைத்தால் மீதிப் பாதியும் சரி.

தபால் ஆபீஸ் உப்பிலி இந்த மாதத்தோடு ரிடையர் ஆகிறார். எங்கள் மீன்காரப் பெண்கள் சங்கத்தில் அவரைக் கூப்பிட்டு மாலை போடுவது என்று தீர்மானம் ஆகிவிட்டது. அதற்கு முன்னால் அவர் யார், நமக்கு என்ன செய்தார் என்று சங்கத்துச் செயலாளர் எழுதிப் படிக்க வேண்டுமாம். செயலாளர் நான்தான், வச்சலா. எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்குப் புகழ்ந்து எழுத வராது, நடந்ததைத்தான் எழுத வரும். எல்லாவற்றையும் எழுதட்டுமா என்று உப்பிலியையே கேட்டேன். "ஒண்ணு விடாம எழுது" என்றார். அப்புறம் என்மேல் வருத்தப்பட்டுப் பிரயோஜனம் இல்லை.

எந்தத் தபால் ஆபீஸ் என்று மட்டும் சொல்ல மாட்டேன். இன்று அங்கே அவரோடு உட்கார்ந்திருப்பவர்கள் ஒன்றும் அறியாதவர்கள். மாமல்லபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவில், சவுக்குத் தோப்புக்குப் பின்னால் ஒரு ஓட்டுக் கட்டடம். அவ்வளவு போதும்.

உப்பிலிக்கு மாமல்லபுரம் சொந்த ஊர். பெருமாள் கோயில் மடப்பள்ளியில் தலைமுறை தலைமுறையாகச் சமைத்த குடும்பம். அண்ணன் தம்பி எல்லாரும் அண்டாவும் கரண்டியுமாக இருக்க, இவர் ஒருத்தர்தான் சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்தவர். ஒல்லியான ஆள். நெற்றியில் மெல்லிசாக ஒரு கோடு. சைக்கிள் பாரில் கறுப்புக் குடை, மழையோ வெயிலோ அது அங்கேயே இருக்கும். விரித்து நான் பார்த்ததில்லை.

கார்டில் எழுதினால் ஊரே படிக்கும், அதற்குத்தான் கார்டு மலிவு என்று எங்கள் பக்கம் சிரிப்பார்கள். உப்பிலி படிக்க மாட்டார். கார்டுக் கட்டைப் பிரிக்கும்போதே எல்லாவற்றையும் விலாசப் பக்கம் மேலே வரும்படி அடுக்கிவிடுவார். ஒருமுறை கேட்டேன். "விலாசம் என் வேலை. மீதி அவாளோடது" என்று சொல்லிவிட்டு முத்திரை குத்தப் போய்விட்டார்.

எங்கள் குப்பத்தில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. நாலு மணிக்குக் கவுண்டர் மூடிய பிறகு ஆபீஸ் பக்கத்துப் பூவரச மரத்தடியில் வந்து நிற்பார்கள். உப்பிலி படித்துச் சொல்வார், பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்காத குரலில். ஆனால் கடிதாசியை அவர் கையால் பிரிக்க மாட்டார். "நீயே பிரிச்சுக் குடு, படிக்கறேன்" என்பார். கிழவன் கிழவி என்றாலும் சரி, கை நடுங்கினாலும் சரி. அவர்கள் பிரித்துக் கொடுக்கும் வரைக்கும் குடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். இப்படிப்பட்ட ஆள்தான் பின்னால் என் கடிதாசிகளைப் பிரித்தார். வயிறு எரியுமா எரியாதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கல்யாணக் கடிதாசி என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி வரும். அதை உள்ளே கொண்டுபோய், சாமி படத்துக்கு முன்னால் வைத்துப் படிப்போம். மூலையில் கறுப்பு மை தடவி வரும் சாவுக் கடிதாசியை வாசற்படி தாண்டி உள்ளே கொண்டுபோகக் கூடாது. வெளியிலேயே நின்று படித்து, அப்படியே கிழித்துப் போட்டுவிட்டுக் கைகால் கழுவிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். கோயில் வீட்டிலும் அதுதான், குப்பத்திலும் அதுதான். இதற்கு யாரும் யோசிப்பதில்லை. கண் படிக்கும், கை கிழிக்கும்.

இனி என் கதை. கூடையோடு ஏறினால் நாறுகிறது என்று கண்டக்டர்கள் எங்களை பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். செங்கல்பட்டுச் சந்தைக்கும் கல்பாக்கம் குடியிருப்புக்கும் மீன் போய்ச் சேர வேண்டும். மீன் நாறாமல் மல்லிகையா மணக்கும்? தின்னும்போது மட்டும் இனிக்கிறதா? எழுபத்தாறாம் வருஷம் பொங்கல் கழிந்து ஒருநாள், நாற்பது பேர் கூடையோடு மதகடியில் ரோட்டில் உட்கார்ந்துவிட்டோம். இரண்டு மணி நேரம். கல்பாக்கத்து ஆபீஸ் பஸ்கூட நின்றது. அதிலிருந்து இறங்கிய ஒருத்தர் என் கூடையைப் பார்த்து வஞ்சிரம் என்ன விலை என்று கேட்டார். அவ்வளவுதான் நாங்கள் செய்த கலகம்.

நாடு முழுக்க எமர்ஜென்சி. அந்த ஜனவரி கடைசியில் சென்னையில் ஆட்சியைக் கலைத்தார்கள். டில்லி நேராக ஆள ஆரம்பித்தது. மாசி மாதம், சாதாச் சட்டை போட்ட போலீஸ்காரர் ஒருத்தர் தபால் ஆபீசுக்கு ஒரு பட்டியலோடு வந்தார். டைப் அடித்த மூன்று பெயர். ஒருத்தர் ரிடையரான வாத்தியார். இன்னொருத்தர் ரேடியோவைச் சத்தமாக வைக்கும் டீக்கடைக்காரர். மூன்றாவது நான். நாட்டுக்கு ஆபத்தானவளாம்! தலையில் மத்திக் கூடை சுமக்கிறவள்!

இந்த மூன்று பேருக்கும் வருகிற தபாலைப் பிரித்து, நகல் எடுத்து, திரும்ப ஒட்டிக் கொடுக்க வேண்டும். போலீஸ்காரர் செவ்வாயும் வெள்ளியும் வந்து நகலை வாங்கிப் போவார். போஸ்ட் மாஸ்டர் கஸ்தூரிரங்கன் அந்த வேலையை உப்பிலியிடம் தள்ளினார்.

"எழுத்துல ஆர்டர் இருக்கா சார்?" என்று உப்பிலி கேட்டாராம்.

"எமர்ஜென்சி ஓய். வாயால சொன்னாலே ஆர்டர்தான். உமக்கு ரெண்டு பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கறது, ஞாபகம் இருக்கட்டும்."

இங்கே நான் மழுப்பப் போவதில்லை. உப்பிலி செய்தார். பின்னறையில் டீ போடுகிற கெட்டிலை ஸ்டவ்வில் ஏற்றி, ஆவியில் உறையைக் காட்டி, ஒட்டு இளகியதும் மெல்லப் பிரித்து, படித்து, நகல் எழுதி, மைதாப் பசையால் ஒட்டினார். மடப்பள்ளிக் குடும்பம் அல்லவா, ஆவி பழகின கை. ஒரு உறைகூடச் சுருங்கவில்லை.

எனக்கு முக்கால்வாசி வருவது வக்கீல் பிரபாவதியின் கடிதாசிதான். செங்கல்பட்டு கோர்ட்டில் எங்கள் பஸ் விஷயத்தை எடுத்து நடத்தினவர். நல்ல வக்கீல், ஆனால் உறை ஒட்டத் தெரியாது. எப்போதும் கோணல்மாணலாக, ஒரு பக்கம் வாயைத் திறந்துகொண்டு வரும். அந்த மாசியிலிருந்து உறை நேராக வந்தது. வக்கீலம்மா திருந்திவிட்டார் என்று நினைத்தேன். நானும் ஒரு செயலாளர்!

அந்த ஆனி மாதம் பழவேற்காட்டில் என் மாமா தனக்கோடி இறந்துபோனார். என் அம்மா ஆதியம்மாளுக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருத்தர்தான். தாய் தகப்பன் இல்லாத தங்கையைத் தூக்கி வளர்த்து, இங்கே கட்டிக்கொடுத்து, என் அப்பா கடலோடு போன பிறகும் வருஷம் தவறாமல் பொங்கலுக்கு வந்து நின்ற அண்ணன். அன்று சாயங்காலமே அடக்கம் ஆகிவிட்டது. தந்தி அடிக்கப் பொன்னேரி வரைக்கும் போக ஆளில்லை. காரியத்துக்காவது தங்கச்சி வரட்டும் என்று, யாரையோ பிடித்து எழுதவைத்து, அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் என் பெயருக்குப் போட்டார்கள். பதினாறாம் நாள் காரியம் ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் காரியத்துக்கு வராதவள் என்று பெயர் வந்துவிட்டால், எங்கள் ஆட்களிடம் அந்த வாசல் அதோடு மூடிப்போகும். அப்புறம் நல்லது கெட்டது எதற்கும் அங்கே கால் வைக்க முடியாது.

கடிதாசி திங்கட்கிழமையே எங்கள் ஆபீசுக்கு வந்திருக்கிறது. பட்டியலில் உள்ள பெயர் என்பதால் பூட்டின டிராயரில் இரண்டு நாள் கிடந்தது. புதன்கிழமை காலை பத்து மணிக்கு உப்பிலி கெட்டிலை ஏற்றினார். உறைமேல் ஒரு கறுப்பு அடையாளமும் இல்லை. உள்ளே இருந்த தாளின் மூலையில்தான் மை தடவியிருந்தது. பிரித்தார், படித்தார். எழுந்து பின்கட்டுக் கதவைத் திறந்து வெளியே போனார். தாளை நாலாகக் கிழித்துப் போட்டார். குழாயடியில் கைகால் கழுவினார். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, நகல் எழுதப் பேனாவைத் திறந்தார்.

அப்போதுதான் உறைத்தது. கிழித்தது அவருடைய கடிதாசி இல்லை.

"பேனாவைக் கீழ வெச்சுட்டேன் வச்சலா" என்று பின்னால் என்னிடம் சொன்னார். "அஞ்சு மாசமா நான் என்ன பண்றேங்கறது அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிஞ்சுது. உங்க ஆத்து எழவை நான் முதல்ல கேட்டுட்டேன். உங்கம்மா அழறதுக்கு முன்னாடி நான் கைகால் அலம்பிட்டேன்."

ஓடிப்போய் நாலு துண்டையும் பொறுக்கினார். ஒரு துண்டு சாக்கடையில் நனைந்திருந்தது. கஸ்தூரிரங்கனிடம் போய் நின்றார்.

கஸ்தூரிரங்கன் அசரவில்லை. "இதுக்கு ஏன் ஓய் முகத்தைத் தூக்கி வெச்சுக்கறீர்? சாதாத் தபால். தொலைஞ்சா இலாகா பொறுப்பில்லை. ரூல் இருக்கு."

"ரூல் இருக்கு சார். ஞாயித்துக்கிழமை காரியமும் இருக்கே."

"அப்போ போய் என்னன்னு சொல்லுவீர்? பிரிச்சேன்னா? வேலையும் போகும், உள்ளேயும் தள்ளுவான். பேசாம இரும்."

பொய் சொல்லலாம் என்றுதான் உப்பிலி முதலில் நினைத்தாராம். பழவேற்காட்டுக்காரன் ஒருத்தன் பஸ்ஸில் சொன்னான் என்று சொல்லலாம். மொட்டைக் கடிதாசி எழுதி வாசலில் போடலாம். சைக்கிள் மிதித்துவருகிற வழியெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாராம். எந்தப் பொய்யைச் சொன்னாலும் அடுத்த வாரம் மறுபடியும் கெட்டிலை ஏற்ற வேண்டும் என்பது ஞாபகம் வந்ததாம்.

மத்தியானம் ஒரு மணி. நான் வாசலில் சங்கராமீன் உலர்த்திக்கொண்டிருந்தேன். உப்பிலி சைக்கிளை மணலில் உருட்டிக்கொண்டு வந்தார். பத்தடி தள்ளியே நின்றுவிட்டார்.

"இன்னா சார், இந்த வெய்யில்ல? கொடையத்தான் விரிச்சிகினு வர்றது" என்றேன்.

"வச்சலா, அம்மாவை வெளியில வரச்சொல்லு."

வெளியில் என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. உள்ளே இருந்த அம்மா காதிலும் விழுந்திருக்கிறது. தலைமுடியை அள்ளிச் சொருகக்கூட இல்லாமல் ஓடிவந்தாள். உப்பிலி கையில் நாலு துண்டுக் காகிதம். அம்மா அதைத்தான் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

"யாரு சாமி?" என்றாள்.

"பழவேற்காடு. உங்க அண்ணா."

அம்மா மணலில் விழுந்து புரண்டு அழுதாள். குப்பமே கூடிவிட்டது. உப்பிலி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை காரியம் என்பதை மட்டும் இரண்டு தடவை சத்தமாகச் சொன்னார். அழுகை கொஞ்சம் அடங்கின பிறகுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது.

"கடிதாசி யாரு பேருக்கு வந்திச்சு சார்?"

"உன் பேருக்கு."

"அப்ப யாரு கீச்சது?"

"நான்தான்."

"உள்ளார கீறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சொன்னார். பட்டியல், கெட்டில், பசை, செவ்வாய், வெள்ளி, நகல், எல்லாவற்றையும் குப்பத்துக்கு நடுவில் நின்று சொன்னார். குரல் உயரவும் இல்லை, இறங்கவும் இல்லை. தெரியாமல் செய்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெரிந்துதான் செய்தேன், பயந்து செய்தேன் என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்த ஐந்து மாதத்தில் நான் வக்கீலம்மாவுக்கு எழுதினது, அவர் எனக்கு எழுதினது எல்லாம் மனசில் ஓடியது. என் உடம்புக்கு முடியாமல் போனதைக்கூட ஒரு கடிதாசியில் கேட்டிருந்தேன், பெண்ணுக்குப் பெண் கேட்கிற சமாச்சாரம். அதற்கு அவர் எழுதின பதிலையும் இந்த ஆள் படித்து, நகல் எழுத, அதை ஒரு போலீஸ்காரன் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். கூசிப்போய்விட்டேன்.

"நீயெல்லாம் ஒரு மனுசனாய்யா? நாலு மணிக்கு மரத்தடியில நல்லவன் மாதிரி படிச்சிக் காமிக்கிறே, பத்து மணிக்கு உள்ளார குந்திகினு ஆவி புடிக்கிறே? த்தூ!"

அவர்மேல் படவில்லை, மணலில்தான் துப்பினேன். அதையும் எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

அப்போது அம்மா எழுந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் மணல். அந்த நாலு துண்டையும் வாங்கி மடியில் வைத்துப் பார்த்தாள். எழுத்து தெரியாதவள் எதைப் பார்த்தாளோ.

"எங்க வெச்சிக் கீச்சே சாமி?"

"வெளியிலதான். பின்கட்டுல."

"கை அலம்பினியா?"

"அலம்பினேன்."

அம்மா தலையாட்டினாள். "கீச்சது சரி. பிரிச்சதுதான் தப்பு" என்றாள். அவ்வளவுதான். துண்டுகளை இன்னும் பொடியாகக் கிழித்துக் காற்றில் விட்டுவிட்டு, "வச்சலா, துணிய எடுத்து வெய்யிடி, காலைல மொத பஸ்ஸு" என்று எழுந்து குளிக்கப் போனாள். அரசமைப்புச் சட்டம், கோர்ட்டு, வக்கீல் எல்லாம் பின்னால் எவ்வளவோ பேசக் கேட்டேன். அந்த நாலு வார்த்தையைவிடத் தெளிவாக எவரும் எனக்குச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பழவேற்காடு போய்ச் சேர்ந்தோம். வாசலிலேயே மாமி பிடித்துக்கொண்டாள். "எல்லாரும் மூணாம் நாளே வந்து நின்னாங்க. கூடப் பொறந்தவ இன்னிக்குத்தான் வர்றியா?"

"உன் கடிதாசிய சர்க்காரு படிச்சப்புறம்தான் என்கிட்ட வந்திச்சு அண்ணி" என்றாள் அம்மா.

மாமிக்கு அழுகையே நின்றுபோய்விட்டது. "நம்ம எழவுல சர்க்காருக்கு இன்னாடி வேல?"

பிறகு இரண்டு பேரும் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஞாயிற்றுக்கிழமை காரியத்தில் தங்கைக்கு உரிய இடத்தில் அம்மா உட்கார்ந்தாள். வாசல் மூடவில்லை. உப்பிலி இன்னும் நாலு நாள் யோசித்திருந்தால் மூடியிருக்கும்.

நாங்கள் திரும்பி வருவதற்குள் அவருக்கு மெமோ வந்துவிட்டது. டிராயரில் வைத்த கடிதாசி ஒன்றுக்கு நகல் இல்லை என்று போலீஸ்காரர் கேட்க, கஸ்தூரிரங்கன் தன் தலை தப்பினால் போதும் என்று எழுதிப் போட்டுவிட்டார். மெமோவில் என்ன குற்றம் தெரியுமா? தபால் ஒன்றைக் கிழித்தது! பிரித்ததைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

உப்பிலி அதற்குப் பதில் எழுதினார். அந்த நகலை இன்னும் வைத்திருக்கிறேன், அவரே கொடுத்தது. "கிழித்தது உண்மை. உறைக்குள் இருந்த தாளைக் கிழிக்க வேண்டுமானால் முதலில் உறையைப் பிரித்திருக்க வேண்டும். பிரிக்கச் சொன்ன எழுத்து மூலமான உத்தரவின் நகலைக் கொடுத்தால் மேற்கொண்டு பதில் எழுதுகிறேன். அந்த உத்தரவு கைக்கு வரும் வரை இனி எந்தத் தபாலையும் பிரிக்க மாட்டேன்." நாலே வரி. பயந்தாங்கொள்ளி என்று நான் துப்பின ஆள் எழுதினது.

உத்தரவு வரவில்லை. எழுதினால்தானே வரும்? அவரைத் தண்டிக்க வேண்டுமானால் பிரிக்கச் சொன்னதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு ஒருத்தரும் கையெழுத்துப் போடத் தயாரில்லை. விசாரணையை இழுத்துக்கொண்டே போனார்கள். ஆளை மட்டும் அச்சரப்பாக்கத்துக்குத் தூக்கியடித்தார்கள். தினமும் விடிகாலையில் கிளம்பி, இரண்டு பஸ் மாறிப் போய்வந்தார். பெரிய பெண்ணுக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தம், போலீஸ் விவகாரம் என்று கேள்விப்பட்டு விலகிக்கொண்டது. இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. மாமல்லபுரத்தில் கேள்விப்பட்டேன்.

நான் வக்கீல் பிரபாவதியைப் பார்க்கச் செங்கல்பட்டுக்கு நேரிலேயே போனேன். கேட்டுவிட்டு அலமாரியிலிருந்து ஒரு சட்டப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். பிறகு, "வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் ஒண்ணு இருக்கு வச்சலா. ஆபத்துக் காலத்துல தபாலைப் பிடிக்கலாம். ஆனா அதுக்கும் எழுத்துல உத்தரவு வேணும். உங்க உப்பிலி சரியான இடத்துலதான் கை வெச்சிருக்கார்" என்றார்.

"நம்ம கடிதாசிய நாமதான் படிக்கணும்னு சட்டத்துல எங்கயும் இல்லியாம்மா?"

"அந்தரங்கம்னு ஒரு வார்த்தை அரசமைப்புச் சட்டத்துல கிடையாது. இருபத்தோராவது பிரிவுல உயிர், தனிமனித சுதந்திரம்னு இருக்கு. கடிதாசியும் அதுக்குள்ள அடங்கும்னு நான் வாதாடுவேன். இப்ப அந்தக் கதவையே சாத்தி வெச்சிருக்காங்க. ஆனா பாரு, ஒருநாள் ஏதோ ஒரு ஜட்ஜ் அதைச் சொல்லித்தான் ஆகணும்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "அதுக்கு ஜட்ஜு வரணுமா? நான்தான் அன்னிக்கே வாசல்ல சொன்னேனே" என்றாள்.

பயந்து எழுதுவதை நிறுத்திவிடுவோம் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. விட்டோமா? முன்பைவிட அதிகமாக எழுதிக்கொண்டோம். இப்போது கெட்டில் கஸ்தூரிரங்கன் கையில் என்பது எங்களுக்குத் தெரியும். வக்கீலம்மா ஒவ்வொரு கடிதாசியின் கடைசியிலும், "இதைப் படிக்கும் மூன்றாவது நபருக்கு என் வணக்கம்" என்று ஒரு வரி சேர்த்தார். கஸ்தூரிரங்கனுக்குச் சர்க்கரை என்பது நான் சொல்லி அவருக்குத் தெரியும். ஒருதரம், "தங்கள் சர்க்கரை வியாதி இப்போது எப்படி? ஆவியில் அதிக நேரம் நிற்க வேண்டாம்" என்று எழுதியிருந்தார். அந்த வாரம் நான் ஸ்டாம்பு வாங்கப் போனபோது போஸ்ட் மாஸ்டர் என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. சங்கத்தில் அந்தக் கடிதாசியைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தோம். தை மாதத்துக்குள் உறைகள் மறுபடியும் கோணலாக வர ஆரம்பித்தன. அந்தக் கோணலைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, சொல்லி முடியாது.

எழுபத்தேழு மார்ச்சில் எலெக்‌ஷன், எமர்ஜென்சி போயிற்று. பட்டியலை யாரோ வந்து வாங்கிப் போனார்கள். மெமோவும் எங்கேயோ காணாமல் போனது. அந்த வருஷமே காலை ஐந்தரை பஸ்ஸின் பின்பக்கம் மீன்கூடைக்கு இடம் ஒதுக்கி உத்தரவு வந்தது, எழுத்து மூலமாக. உப்பிலியின் பெரிய பெண்ணுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் ஆனது. எழுபத்தெட்டில் அவர் எங்கள் ஆபீசுக்கே திரும்பி வந்தார்.

வந்தவர் எங்கள் பக்கம் தலைகாட்டவில்லை. நாலு மணிக்கு மரத்தடியில் ஆள் நின்றால், சின்ன கிளார்க்கை அனுப்பிவிட்டு உள்ளேயே இருந்துகொள்வார். நானும் வீம்பாகத்தான் இருந்தேன்.

அந்த ஆவணியில் ஒருநாள் மத்தியானம், அதே ஒரு மணி வெயிலில், சைக்கிள் மணலில் வந்தது. அன்றைக்கு நின்ற அதே இடத்தில் வந்து நின்றார். அம்மா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் கையில் ஒரு உறை. நாலு மூலையிலும் மஞ்சள்.

"பழவேற்காடு முத்திரை. நானே கொண்டு வந்து குடுக்கணும்னு தோணித்து" என்றார்.

அம்மா கையைக்கூடத் துடைக்கவில்லை. "படி சாமி" என்றாள்.

"நீயே பிரிச்சுக் குடு ஆதியம்மா. படிக்கறேன்."

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன், நீயே பிரிக்கிறது? உனுக்கு இன்னா புதுசா?"

எனக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. உப்பிலியின் காது இரண்டும் சிவந்துவிட்டது. அப்புறம் அவரும் சிரித்தார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆனால் உறையை மட்டும் பிரிக்கவில்லை. நீட்டின கை நீட்டினபடியே இருந்தது.

அம்மா எழுந்து அவரிடம் போனாள். செதிள் ஒட்டின கட்டைவிரலால் உறையின் வாயைக் கிழித்து, தாளை எடுத்து அவரிடமே கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார். தனக்கோடி மகனுக்குக் கல்யாணம். அத்தைதான் முன்னால் வந்து நின்று நடத்திக்கொடுக்க வேண்டும், அத்தை வராமல் பந்தக்கால் நட மாட்டோம் என்று முதல் வரி.

அதற்குமேல் படிக்க அம்மா விடவில்லை. அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, வாய் அதட்டுகிறது.

"நல்ல கடிதாசிய வெளிய நின்னு படிப்பாங்களா? உனுக்கு ஒரு மொற தெரியாதா சாமி? உள்ளார வா."

உப்பிலி செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து, எங்கள் வீட்டுக்குள் வந்தார்.